கூலண்ட் தொட்டியும் ராமலிங்கத்தின் இருமலும்

1. முதல் வளையம்

முதல் டர்பைன் வளையத்தின் முகத்தைச் சீவி முடிப்பதற்குள், டூல் நுனியில் மாட்டுகிற இன்சர்ட் துண்டுகளில் நான்கு முனைகள் போய்விட்டன. நாலாவது முனை போனபோது மெஷின் போட்ட கிறீச்சலில், வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் உள்ளே ஓடி வந்தார். முதலாளி கண்ட்ரோல் பேனல் பக்கத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன வேலுச்சாமி, இது இரும்பா இல்ல வேற என்னமுமா?"

"இரும்பு இல்ல மொதலாளி. நிக்கலு. இதோட வழியே வேற."

வேலுச்சாமி நான்தான். சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டி. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து, கோயம்புத்தூரில் பதினான்கு வருடம் லேத்தில் நின்று, ஊர்ப் பக்கமே ஒரு சி.என்.சி. பட்டறை வருகிறது என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தவன். பட்டறை அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு தகர ஷெட். எட்டு மெஷின். நான் அங்கே சூப்பர்வைசர். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். டூல் லைஃப் பற்றி, அதாவது ஒரு முனை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது பற்றி, என்னிடம் கேட்டு வருகிற இளவட்டங்களுக்காக இதை எழுதுகிறேன். டூல் லைஃப் பற்றியும் சொல்வேன். ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

இன்கோனல் என்று நாங்கள் சொல்கிற அந்த நிக்கல் கலவை, டர்பைனுக்குள்ளே செக்கச் சிவந்த சூட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கென்றே செய்த உலோகம். சாதாரண இரும்பை அறுத்தால் பிறக்கிற சூட்டில் பெரும்பங்கை, சீவலாக அறுந்து விழுகிற சிப்ஸ் தூக்கிக்கொண்டு போய்விடும். இதிலே சூடு எங்கும் போகாது, டூலின் முனையிலேயே குந்திக்கொள்ளும். அதோடு, அறுக்க அறுக்க மேல்தோல் இறுகும். டூல் ஒரு நொடி சும்மா உரசிக்கொண்டு நின்றால் போதும், அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அடுத்த சுற்றில் முனை அதில் மோதி உடையும். இரும்புக்கு வைக்கிற வேகத்தில் கால்வாசிதான் இதற்கு வைக்கலாம். கோயம்புத்தூரில் இதை நான் பார்த்திருக்கிறேன், தொட்டதில்லை. முதலாளி ஆர்டர் பிடித்து வந்தபோது தெரியும் என்று தலையாட்டி விட்டேன்.

அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது ராமலிங்கம். அவன் அந்த மெஷினின் ஆபரேட்டர். அப்போது நாற்பது வயது இருக்கும். வீட்டில் கன்னடம் பேசுகிற நெசவுக் குடும்பம். அப்பா காலத்தில் நாலு விசைத்தறி ஓடிய வீடு. அவனுக்குத் தறி பிடிக்காமல் மெஷினுக்கு வந்துவிட்டான். மிச்சமிருந்த இரண்டு தறியை அவன் மனைவி ஜெயந்தி வீட்டு முன்கூடத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது முனையைப் போட்டதும், மெஷின் கதவில் காதை வைத்தமாதிரி நின்றான். ஒரு கட்டத்தில் சட்டென்று நிறுத்தினான். கழற்றிப் பார்த்தால் முனை அப்போதுதான் மழுங்க ஆரம்பித்திருக்கிறது, உடையவில்லை.

"எப்பிடிடா தெரிஞ்சது?"

"நாலு தறி ஓடுற வீட்டுல எந்தத் தறியில நூலு அறுந்துச்சுன்னு சத்தத்துலயே தெரியும்ணே. இது ஒத்த மெஷினுதான."

அந்த வளையத்தை ஒன்பது முனை செலவில் முடித்தோம். அன்றிலிருந்து இன்கோனல் என்றால் ராமலிங்கம் என்று ஆகிவிட்டது.

2. எழுபது பார்

நான் ஒரு ரிஜிஸ்டர் போட்டேன். எந்த இன்சர்ட், எந்த முனை, எத்தனை நிமிஷம் அறுத்தது, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பக்கவாட்டுத் தேய்மானம் எவ்வளவு, வெட்டுக் கோட்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா. இவ்வளவையும் ஒவ்வொரு முனைக்கும் எழுதினேன். தேய்மானம் பாயிண்ட் இரண்டு மில்லியைத் தாண்டினால் முனையை மாற்றிவிட வேண்டும். கண்ணுக்கு நல்லாத்தான் தெரியும், இன்னும் ஒரு சுற்று ஓட்டலாம் என்று கை துறுதுறுக்கும். ஓட்டக் கூடாது. வெட்டின் ஆழத்தை ஒரே அளவில் வைக்காமல் சுற்றுக்குச் சுற்று மாற்றினால் பள்ளம் ஒரே இடத்தில் விழாது. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது, நாங்கள் முனைகளைக் கொட்டித்தான் கற்றுக்கொண்டோம்.

அப்படியும் ஒரு முனை ஆறு நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. சூட்டைத் தணிக்க விடுகிற கூலண்ட் சரியாகப் போகவில்லை என்று எனக்குப் புரிந்தது. மேலே இருந்து சொட்டச் சொட்ட ஊற்றுகிற கூலண்ட், முனையில் இருக்கும் சூட்டுக்குக் கிட்டவே போகாது, போவதற்குள் ஆவியாகிவிடும். முதலாளியை நச்சரித்து ஹை பிரஷர் பம்ப் வாங்க வைத்தேன். எழுபது பார் அழுத்தத்தில், ஊசி மாதிரி, சிப்ஸுக்கும் டூலுக்கும் நடுவே கூலண்ட் பாய வேண்டும்.

பம்ப் போட்ட முதல் வாரமே முனை பதினைந்து நிமிஷம் ஓடியது. நீளநீளமாகச் சுருண்டு வந்த சிப்ஸ், பொடிப்பொடியாக உடைந்து விழுந்தது. முதலாளி பட்டறைக்கே சேவு பொட்டலம் வாங்கி வந்தார். ரிஜிஸ்டரைத் திறந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு கர்வம்.

பம்ப்போடு சேர்த்து மிஸ்ட் கலெக்டர் ஒன்றும் வாங்கியிருக்க வேண்டும். எழுபது பாரில் அடிக்கிற கூலண்ட் தண்ணீராக மட்டும் விழாது, பனிமூட்டம் மாதிரி மெஷின் முழுக்க நிற்கும். பீஸ் மாற்றக் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து அடிக்கும். அதை உறிஞ்சி எடுக்கிற பெட்டிதான் மிஸ்ட் கலெக்டர். முதலாளியிடம் ஒரு தடவை சொன்னேன்.

"அடுத்த ஆர்டருல பாத்துக்கிருவோம் வேலுச்சாமி. டூல் லைஃப் வந்துருச்சுல்ல."

வந்துவிட்டது. அதனால் நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. பம்புக்கு ஒரு மாதம் நச்சரித்தவன் கலெக்டருக்கு ஒரு நாள்கூட நச்சரிக்கவில்லை. ஆடிக் காற்றில் கரிசல் புழுதி மெஷின் மேல் படியக் கூடாது என்று ஷெட்டின் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து வைக்கச் சொன்னதும் நான்தான். காற்று நின்ற பிறகும் அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

3. கொட்ட மனசு வராத தண்ணீர்

கூலண்ட் என்பது தண்ணீரில் கலக்கிற எண்ணெய். பத்துக்கு ஒரு பங்கு எண்ணெய், மிச்சம் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கலந்தால் எண்ணெய் திரிந்துபோய்த் தயிர் மாதிரி மேலே மிதக்கும். அதனால் டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்தோம். அதே லாரிதான் எங்கள் குடிதண்ணீர்த் தொட்டியையும் நிரப்பிவிட்டுப் போகும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தொட்டியை முழுதாகக் காலி செய்து, உள்ளே தேய்த்துக் கழுவி, புதிதாகக் கலக்க வேண்டும் என்று எண்ணெய் டப்பாவோடு வந்த தாளில் எழுதியிருந்தது. ஐந்நூறு லிட்டர். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் நிற்பதை வருடத்தில் நாலு மாதம் பார்த்தாலே பெரிது. ரோட்டில் ஒரு குடம் உடைந்தால் பொம்பளைகள் ஒரு வாரம் பேசுவார்கள். ஐந்நூறு லிட்டரைக் கொண்டுபோய் ஓடையில் கொட்டு என்றால் எந்த ரெட்டியபட்டிக்காரன் கேட்பான்?

கொட்டவில்லை. குறையக் குறைய மேலே ஊற்றினோம். மிதக்கிற அழுக்கு எண்ணெயை அட்டையால் வழித்து எடுத்தோம். ஞாயிறு லீவு விட்டுத் திங்கட்கிழமை பம்பைப் போட்டால் அழுகின முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கும். அதற்கென்று ஒரு பாட்டில் மருந்து விற்கிறார்கள். ஒரு மூடி ஊற்றினால் மத்தியானத்துக்குள் நாற்றம் அடங்கிவிடும். திங்கட்கிழமை காலை அந்த மூடியை ஊற்றுவது என் வேலை, வேறு யாரையும் விட மாட்டேன். பதினாறு மாதம் அந்தத் தொட்டியை ஒரு தடவைகூடக் காலி செய்யாமல் ஓட்டினேன். இதையும் சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

4. தறி இருமல்

பம்ப் போட்ட ஐந்தாறு மாதத்தில் ராமலிங்கம் இரும ஆரம்பித்தான். வறட்டு இருமல். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனதும் உடம்பு நடுங்கிக் காய்ச்சல் வரும், காலையில் விட்டுவிடும், மறுபடி வேலைக்கு வருவான்.

அருப்புக்கோட்டையில் நெசவுக்காரத் தெருவில் ஒருவன் இருமினால் யாரும் காரணம் தேட மாட்டார்கள். தறித் தூசி, முடிந்தது கதை. நானும் அந்தப் பக்கத்து ஆள்தானே.

"ஏலே, சின்ன வயசுல இழுத்த நூல் தூசி இப்ப வேலையக் காட்டுது. வீட்டுலயும் ரெண்டு தறி ஓடுது. பின்ன எப்பிடி?"

"அப்பிடித்தான்ணே இருக்கும். எங்கப்பாவும் இருமிக்கிட்டேதான் கெடந்தாரு."

டவுனில் ஒரு டாக்டரிடம் நானே அவனை வண்டியில் உட்கார வைத்து அழைத்துப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். ராமலிங்கம் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொன்னேன்.

"தறி வீட்டுப் பிள்ள சார். சின்ன வயசுலருந்து நூல் தூசியிலயே வளந்தவரு. இப்பவும் வீட்டுக்குள்ளயே தறி ஓடுது."

சொன்னது ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது அது இல்லை. டாக்டர் சளிப் பரிசோதனை செய்தார், ஒன்றும் இல்லை. மருந்து எழுதிக் கொடுத்து, வீட்டில் தறித் தூசி இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் மெஷினின் ஸ்பிண்டில் பேரிங் போய், பன்னிரண்டு நாள் மெஷின் நின்றது. ராமலிங்கம் வீட்டிலேயே இருந்தான். பார்க்கப் போனால் ஆள் தெளிவாக இருக்கிறான். காய்ச்சல் இல்லை, இருமல் பாதியாகக் குறைந்திருந்தது. ஜெயந்தி தறியை நிறுத்திவிட்டு வந்து பேசினாள்.

"வீட்டுல இருந்தா நல்லாத்தான்ணே இருக்காக. தறி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, அப்பயும் ஒண்ணும் பண்ணல. அங்க வந்தாத்தான் என்னமோ ஆகுது."

அவள் சொன்னது அப்படியே இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நான் சொன்ன பதிலும் இருக்கிறது.

"ஓய்வு கெடச்சிருக்குல்லம்மா, அதான். தறிய மட்டும் நிறுத்திப் பாரு, முழுசா சொகமாயிரும்."

மெஷின் சரியானது. ராமலிங்கம் வந்த முதல் நாளே சாயங்காலம் காய்ச்சல். அந்த மாதக் கடைசியில் ஜெயந்தி இரண்டு தறியையும் விற்றுவிட்டாள். பழைய தறி என்று வாங்க யாரும் வரவில்லை, இரும்புக்குப் போட்டாள். அதற்குப் பிறகு கூலிக்கு வேறு வீட்டுத் தறிக்குப் போனாள்.

தறி போன பிறகு இருமல் கூடியது. சைக்கிளை மிதிக்க முடியாமல் ஷேர் ஆட்டோவில் வர ஆரம்பித்தான். ஷெட்டின் மூன்று படி ஏறிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்போதுகூட எனக்குப் பொறி தட்டவில்லை. ஒரு வாரம் லீவு போட்டவனைத் தேடி நான் வீட்டுக்கே போனேன். நாற்பது வளையம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. வேறு ஒருவரைப் போட்டதில் இரண்டு வளையம் வீணாகியிருந்தது.

"இந்த லாட்டு மட்டும் முடிச்சுக் குடுத்துரு ராமலிங்கம். அப்புறம் ஒரு மாசம் படு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"வாரேன்ணே," என்றான்.

ஒன்பது நாளில் நாற்பதையும் முடித்தான். ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை. பத்தாவது நாள் காலையில் அவன் உதடு நீலம் பாரித்துவிட்டது, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

5. திங்கட்கிழமை

மதுரையில் பார்த்தவர் நடுத்தர வயது டாக்டரம்மா. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை ராமலிங்கத்தின் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் வழக்கம்போல, "தறி வீட்டுப் பிள்ள..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க இருங்க. அவர் சொல்லட்டும்."



"காய்ச்சல் எந்தக் கிழமையில அதிகமா வரும்?"

ராமலிங்கம் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் தள்ளிவிட்டு யோசித்தான். "திங்கக்கெழமைங்க."

"ஞாயித்துக்கிழமை?"

"இருக்காதுங்க."

"திங்கக்கிழமை வேலை பாக்குற இடத்துல என்ன இருக்கு?"

அவன் என்னைப் பார்த்தான்.  அழுகின முட்டை நாற்றம் அந்த ஆஸ்பத்திரி வார்டிலேயே அடிப்பதுபோல இருந்தது. தொட்டி, எழுபது பார் பம்ப், பதினாறு மாதத் தண்ணீர், அடைத்து வைத்த ஜன்னல் எல்லாவற்றையும் நானே சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பழைய கூலண்ட்ல கிருமி வளரும். மருந்து ஊத்தினா நாத்தம் போகும், எல்லாக் கிருமியும் போகாது. அது மிஸ்ட்டோட கலந்து தினமும் உள்ள போயிருக்கு. இவரு நுரையீரலுக்கு அது ஒத்துக்கல. ஆரம்பத்துலயே அந்த இடத்தை விட்டு எடுத்திருந்தா முழுசா சரியாக வாய்ப்பு இருந்துச்சு. இப்ப தழும்பு விழுந்துருச்சு. அந்தப் பகுதி திரும்பாது."

"தறித் தூசின்னு..." என்றேன்.

"யாரு சொன்னது?"



திரும்பி வந்ததும் முதலாளியைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே தொட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புச் சேறு. கம்பியை விட்டுக் கிளறினால் நூல் நூலாக வந்தது. முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நீயாவது அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல வேலுச்சாமி."

அவர்மேல் கோபம் வந்தது. அன்றைக்குக் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்பதால் அடக்கிக்கொண்டேன். மறுமாதம் மிஸ்ட் கலெக்டர் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை லாரி வந்து பழைய கூலண்டை ஏற்றிப் போகிறது. ஷெட்டின் ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. இதெல்லாம் ராமலிங்கத்துக்குப் பிறகு அந்த மெஷினில் நிற்கிறவர்களுக்கு.

என் ரிஜிஸ்டரை அன்றைக்கு முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். பதினாறு மாதத்தில் தேய்ந்த ஒவ்வொரு முனையும் அதில் இருந்தது. ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு வரை துல்லியம். ஆபரேட்டர் பெயர் எழுதும் இடத்தில் ராமலிங்கம், ராமலிங்கம் என்று நானே எழுதியிருந்தேன். எழுபது பார் பம்ப் போட்ட பிறகு அவன் லீவு போட்ட நாட்கள் வெற்றிடமாக விழுந்திருந்தன, பக்கத்துக்குப் பக்கம் கூடிக்கொண்டே போயின. முனைத் தேய்மானத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தவனுக்கு இது தெரியவில்லை.

என்னிடம் டூல் லைஃப் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். கூலண்ட் டூலுக்கு மட்டும் போகவில்லை. நாற்றம் வந்தால் மருந்து ஊற்றாதே, தொட்டியைக் காலி செய். உன் ஆள் இருமினால் அவன் என்ன ஜாதி, என்ன தெரு, அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கணக்குப் போடாதே. லீவு நாளில் எப்படி இருக்கிறான் என்று கேள். அவன் வீட்டில் ஒருத்தி சொன்னால் காது கொடுத்துக் கேள். டாக்டர் அவனிடம் கேட்கிற கேள்விக்கு அவனையே பதில் சொல்ல விடு.

6. நான்கு ஓட்டைகள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபது நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அதற்குள் போகத் தைரியம் வரவில்லை. முன்கூடத்தில் ஒரு தறி நின்ற இடத்தில் கட்டில் போட்டு ராமலிங்கம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே தரையில் தறியை இறுக்கிய போல்ட் ஓட்டைகள் நான்கும் அப்படியே இருந்தன.

ஜெயந்திக்கு ஆஸ்பத்திரியில் முழுதாக யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவன் நான். தண்ணீர்ச் செம்பை வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல், தொட்டியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் டாக்டரிடம் தறி என்று நான் சொன்னதையும், அவள் சரியாகச் சொன்னபோது நான் தட்டிக்கழித்ததையும் விடவில்லை. அவள் நின்றபடியே கேட்டாள்.

"அப்ப தறி ஒண்ணும் பண்ணலையாண்ணே?"

"இல்லம்மா."

என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருக்கலாம். அவள் தரையில் இருந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். சொல்லச் சொல்ல குரல் உடைந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது.

"என்னடா சொன்னா? என்னையத்தானே?"

ராமலிங்கம் இல்லை என்று தலையாட்டினான்.

"ஒங்கள இல்லண்ணே. தறிய ஏத்தி விட்டோம்ல... அன்னைக்கி வண்டி கெளம்புனதும்... எம்புருசன் நெஞ்சத் தின்னுட்டுப் போறியேன்னு வஞ்சு... ஒரு கை மண்ண அள்ளி அது பின்னாடி தூத்துனா. பாவம், அது ஒண்ணும் பண்ணலையே, சோறு போட்டதுக்கு இப்பிடி வஞ்சுட்டனேன்னு... அதுக்குத்தான் அழுவுறா."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு நான்கு தடவை மூச்சு வாங்கியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.